ஆச்சியிடம் எப்படிக் கேட்பது?

அன்புள்ள மருமகனே,

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் ஆச்சி முன்னால் போனை நீட்டி, "உங்க அனுபவத்துல எங்க தலைமுறைக்கு என்ன சொல்ல விரும்புறீங்க?" என்று கேட்டாயாம். அவள் "நேரத்துக்குச் சாப்பிடு" என்றாளாம். உடனே, 'பெரியவர்களிடம் அனுபவ ஞானம் உண்டு என்பதெல்லாம் சும்மாதானா அத்தை?' என்று எனக்கு எழுதுகிறாய். பட்டமளிப்பு விழாவில் கேட்க வேண்டிய கேள்வியை அடுப்படியில் கேட்டால் வேறென்ன பதில் வரும்?

மாசி வெயிலுக்கு இன்னொரு முறை வா. கூழ் வத்தல் போடும் நாளாகப் பார்த்து வா. செய்முறை கேட்டால் "பதமா கிண்டணும்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். பக்கத்திலேயே நின்று பார். கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொடுவாள். ஒட்டினால் இன்னும் கிண்டுவாள், ஒட்டாவிட்டால் இறக்கிவிடுவாள். உப்பைக் கொஞ்சம் கம்மியாகவே போடுவாள். ஏன் என்று அப்போது கேள். "காஞ்சா சுண்டி உப்பு தூக்கிரும்லா" என்பாள். தனக்கு இவ்வளவு தெரியும் என்பது அவளுக்கே தெரியாதப்பா. கை வேலை செய்யும்போதுதான் அது வாய்க்கு வரும்.

'வத்தல் போட யூடியூப் இருக்கிறதே' என்பாய். இருக்கிறது. ஆனால் உன் கொள்ளுத்தாத்தா எந்த நோயில் போனார், எந்த வயதில் போனார் என்று அதில் இருக்கிறதா? டாக்டர் உன்னிடம் "குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை, இதய நோய் உண்டா?" என்று கேட்டால் நீ யாருக்குப் போன் போடுவாய்?

இவ்வளவு படித்துவிட்டு ஆச்சியிடம் போய்ச் சின்னச் சின்னதாகக் கேட்பதா என்று உனக்குக் கூச்சம். உ.வே.சாமிநாதையரை நினைத்துக்கொள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். சேலம் இராமசுவாமி முதலியார் தூண்டிச் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். அதிலிருந்த சமண சமயச் செய்திகள் பிடிபடவில்லை. கௌரவம் பார்க்காமல் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போனார். அந்த நூலைப் பரம்பரையாகப் போற்றிப் படித்து வந்தவர்களிடம் சந்தேகங்களைக் கேட்டார். அவர்களும் அன்போடு சொல்லிக் கொடுத்தார்கள். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அவருக்கு இல்லாத கூச்சம் உனக்கு எதற்கு?

அடுத்த புகார், 'சொன்ன கதையையே சொல்கிறார்கள்.' சொல்லட்டுமே! சுமத்ராவுக்கு மேற்கே சிமெலுவே என்று ஒரு தீவு. 1907இல் அங்கே சுனாமி வந்து நிறையப் பேரைக் கொண்டுபோனது. பிழைத்தவர்கள் தாலாட்டிலும் கதையிலுமாக ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்: பூமி பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. அங்கேயும் எத்தனை பேரப்பிள்ளைகள் 'ஆரம்பிச்சாச்சா' என்று முகத்தைச் சுளித்தார்களோ! 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவு அது. சுமார் 78,000 பேர் வாழ்ந்த அங்கே இறந்தவர்கள் 7 பேர். நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். எனக்குத் தெரிந்து நம் கரையில் அப்படிச் சொல்லி வளர்க்க ஒரு கதை இருக்கவில்லை. அதனால், ஆச்சி ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னால், எதற்காக அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்.

'பாதி மூடநம்பிக்கை அத்தை' என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். உண்மைதான். பிறந்த குழந்தைக்குச் சீம்பால் ஆகாது என்று பீய்ச்சிக் கொட்டச் சொன்னவர்களும் பெரியவர்கள்தான். குழந்தைக்கு முதலில் கொடுக்க வேண்டியதே அதுதான் என்கிறார்கள் மருத்துவர்கள். யார் வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்ற பாடமும் ஆச்சியிடம் உண்டு. அது அவளோடு போகட்டும். சொன்னபடி நட என்றா சொன்னேன்? கேள் என்றுதானே சொன்னேன். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் கட்டளை வரும். "அப்போ நீங்க என்ன பார்த்தீங்க, என்ன செஞ்சீங்க?" என்று கேட்டால் நடந்தது வரும். அதில் எது சரி, எது தப்பு என்று பிரித்துப் பார்க்கத்தானே உன்னைப் படிக்க வைத்தோம்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2015 சென்னை வெள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்த கதையை நீயும்தான் வரும்போதெல்லாம் சொல்கிறாய். நாங்கள் யாராவது எழுந்து போனோமா? உனக்கும் வயதாகிறது மருமகனே, பேச்சிலேயே தெரிகிறது. அடுத்த தடவை உன் வீரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, தண்ணீர் எந்தத் தெருவில் முதலில் ஏறியது, எந்த வழியாகப் போனவர்கள் தப்பினார்கள் என்று உன் மகளுக்குச் சொல். பின்னாளில் அவள் வீடு வாங்கப் போகும்போது அது உதவும்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தை