பிள்ளை கட்டையாக இருப்பது பரம்பரையால் மட்டுமா?



இந்தப் பாடத்தை என்னுடைய ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் பிள்ளை மடுவத்தில் நிறுவை நாள். பதினொரு மாத ஆண்பிள்ளை ஒன்றை நிறுத்தோம். மூன்று மாதமாக நிறை ஏறவே இல்லை. அட்டையில் மேலே ஏற வேண்டிய கோடு படுத்துக் கிடந்தது. தாய் சிரித்துக்கொண்டே, "அவுங்க அப்பாவும் கட்டதானுங்க ஐயா, எங்க பரம்பரையே இப்புடித்தான்" என்றார். நானும், "அப்படியும் இருக்கும்" என்று சொல்லி அட்டையை மூடிவிட்டேன்.

அடுத்த வாரம் வந்த மருத்துவமாது அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "பிள்ள என்ன சாப்பிடுதுன்னு கேட்டீங்களா?" என்றார். நான் கேட்கவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது: காலையில் சாயத்தண்ணியில் தோய்த்த ரொட்டி, பகலில் வெறும் சோறும் ரசமும், இரவில் மறுபடியும் ரொட்டியும் சாயத்தண்ணியும். வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து இந்த விடயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

உத்தரவு போடும் ஓமோன்கள்

காலையில் பெரட்டுக் களத்தில் யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு போடுகிறார்கள் அல்லவா? நம் உடம்பிலும் அப்படி உத்தரவு கொண்டுபோகும் பொருட்கள் உண்டு. அவற்றுக்கு ஓமோன் என்று பெயர். உடம்பின் சுரப்பிகளில் ஊறி, இரத்தத்தில் கலந்து, "எலும்பே நீளு, தசையே வளரு" என்று சொல்லிக்கொண்டு போகும்.

பிள்ளையின் வளர்ச்சிக்கு முக்கியமானவை மூன்று.

முதலாவது, வளர்ச்சி ஓமோன். மூளைக்கு அடியில் ஒரு கடலைப் பருப்பு அளவில் இருக்கும் கபச்சுரப்பி இதைச் சுரக்கிறது. பிள்ளை இரவில் ஆழ்ந்து தூங்கும்போதுதான் இது அதிகமாகச் சுரக்கும். தூங்குகிற பிள்ளை வளரும் என்று நம் பாட்டிமார் சொன்னது சும்மா இல்லை.

இரண்டாவது, கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பியின் ஓமோன். எலும்பு வளரவும் மூளை வளரவும் இது வேண்டும். இதை உண்டாக்க அயடீன் தேவை. தாயின் வயிற்றில் இருக்கும்போதே அயடீன் போதாவிட்டால் பிள்ளையின் புத்திக் கூர்மையும் குறையும். அதனால்தான் இலங்கையில் 1995 ஆம் ஆண்டு முதல் சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது.

மூன்றாவது, பருவ வயதில் சுரக்கும் ஓமோன்கள். பெண்பிள்ளை வேகமாக உயருவது பெரியபிள்ளை ஆவதற்கு முந்திய ஒன்றிரண்டு வருடங்களில். அதற்குப் பிறகு கொஞ்சம்தான் உயருவாள். சடங்கு வைத்த பிறகு முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் கொடுக்கிறோம். நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் ஒன்பது, பத்து வயதிலேயே அவளுக்கு அந்தச் சாப்பாடு கிடைக்க வேண்டும்.

உத்தரவு மட்டும் போதாது

உத்தரவு போட்டாகிவிட்டது. ஆனால் மலைக்குப் போகிறவர்களிடம் கூடை இல்லை, செடிக்கு உரமும் இல்லை என்றால் கொழுந்து வருமா? பிள்ளையின் உடம்பும் அப்படித்தான். சாப்பாடு கடுமையாகக் குறைந்த பிள்ளையின் இரத்தத்தில் வளர்ச்சி ஓமோன் பல நேரம் கூடுதலாகவே இருக்கும். ஆனால் அந்த உத்தரவைக் கேட்டு ஈரல் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது. முதலில் உயிரைக் காப்பாற்றுவோம், வளர்வதைப் பிறகு பார்ப்போம் என்று உடம்பு முடிவு செய்துவிடும்.

அந்த உரம்தான் புரதமும் விற்றமின்களும் தாதுப்பொருட்களும்.

விற்றமின் ஏ: வளர்ச்சிக்கும், கண்ணுக்கும், நோயை எதிர்க்கவும் வேண்டும். குறைந்தால் மாலைக்கண் வரும். பூசணிக்காய், கரட், பப்பாசி, கீரை வகை, முட்டை மஞ்சள் கரு, ஈரல் ஆகியவற்றில் உண்டு.

விற்றமின் டி: சாப்பாட்டில் உள்ள கல்சியம் உடம்பில் சேர இது வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு மெலிந்து கால் வளையும். வெயில் தோலில் பட்டால் உடம்பே இதை உண்டாக்கும். நம் மலைகளில் பனியும் மழையும் அதிகம். ஆகவே வெயில் வரும் நேரத்தில் பிள்ளையை வெளியில் விளையாட விடுங்கள்.

கல்சியம்: பால், குரக்கன், முள்ளோடு தின்னும் நெத்தலியில் உண்டு.

இரும்புச்சத்து, நாகச்சத்து: மீன், இறைச்சி, முட்டை, பருப்பு, கடலை, பயறு இவற்றில் உண்டு. நாகச்சத்து குறைந்தால் உயரம் குறையும், வயிற்றோட்டமும் அடிக்கடி வரும். இரும்புச்சத்து குறைந்த பிள்ளை வெளிறி, சோர்ந்து, பாடத்தில் கவனம் இல்லாமல் இருக்கும்.

நாம் பறிக்கும் கொழுந்து

சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். நமக்குச் சோறு போடுவது தேயிலை. ஆனால் சின்னப் பிள்ளைக்குச் சாயத்தண்ணி உணவல்ல. வயிறு நிறைந்ததுபோல இருக்கும், சத்து ஒன்றும் இருக்காது. அதோடு சாயத்தில் உள்ள பொருள், சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். பெரியவர்கள்கூடச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிப்பது நல்லது. கர்ப்பிணித் தாய்மார் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழமோ கொஞ்சம் தேசிக்காய்ப் புளியோ சேர்த்தால், அதிலுள்ள விற்றமின் சி இரும்புச்சத்து சேர உதவும்.

பரம்பரை என்ற பேச்சு

பரம்பரைக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நோர்வே உட்பட ஆறு நாடுகளில் நல்ல உணவும் பராமரிப்பும் கிடைத்த பிள்ளைகளை அளந்து பார்த்தது. ஐந்து வயது வரை எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரேமாதிரித்தான் வளர்ந்தார்கள். அதை வைத்து 2006 இல் வளர்ச்சி அளவுகளை வெளியிட்டார்கள்.

நம் நிலைமை என்ன? 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி நாடு முழுவதும் ஐந்து வயதுக்குக் குறைந்த 100 பிள்ளைகளில் சுமார் 17 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தோட்டங்களில் 100க்குச் சுமார் 32 பேர். இதைத் தலையெழுத்து என்று விட்டுவிடலாமா?

வீட்டில் செய்யக்கூடியவை

1. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பிறகு மசித்த சோறு, பருப்பு, கீரை, முட்டை, மீன் சேர்த்து, இரண்டு வயதுக்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம்.

2. உப்பை மூடியுள்ள போத்தலில், அடுப்புச் சூடும் ஈரமும் படாமல் வையுங்கள். கறியை இறக்கும் நேரத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் அயடீன் குறைந்துபோகும்.

3. பிள்ளைக்கென்று கிளினிக்கில் தரும் திரிபோஷா பிள்ளைக்குத்தான். வீடு முழுவதும் பங்கு போட வேண்டாம்.

4. பூச்சி மருந்தும் விற்றமின் ஏயும் கொடுக்கும் நாளைத் தவற விடாதீர்கள்.

5. தந்தைமாரே, இது உங்களுக்கு. இரவில் சண்டையும் சத்தமும் இருக்கும் காம்பராவில் பிள்ளை நிம்மதியாகத் தூங்காது. அந்தத் தூக்கத்தில்தான் வளர்ச்சி இருக்கிறது.

6. உயரமாக்கும் டொனிக் என்று கடையில் விற்பதை நம்பிக் காசை விடாதீர்கள். விற்றமின் ஏயும் டியும் அளவுக்கு மிஞ்சினால் கெடுதல். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

7. ஒவ்வொரு பிறந்த நாளிலும் பிள்ளையைக் கதவு நிலையில் நிறுத்திக் கரியால் ஒரு கோடு போடுங்கள். முதல் வருடம் பிள்ளை ஏறக்குறைய 25 சென்றிமீற்றர் வளரும், இரண்டாம் வருடம் 12 அளவில். நாலு வயதுக்குப் பிறகு வருடத்துக்கு 5 சென்றிமீற்றருக்கும் குறைவாக வளர்ந்தால் டொக்டரிடம் காட்டுங்கள். ஓமோன் குறைபாடாக இருந்தால் மருந்து உண்டு. ஆனால் எலும்பு வளரும் வயது முடிவதற்குள் போக வேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். சாயத்தண்ணியை நிறுத்தினார்கள். பருப்பும் கீரையும் மசித்துக் கொடுத்தார்கள். வாரத்தில் மூன்று நாள் முட்டை. நாலாவது மாதம் கோடு மேலே திரும்பியது. இன்று அவன் பாடசாலைக்குப் போகிறான். வகுப்பில் உயரமானவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவின் தோளை எட்டிவிட்டான், இன்னும் வளர்கிறான்.

அடுத்த நிறுவை நாளில் உங்கள் பிள்ளையின் அட்டையை நீங்களே திறந்து கோட்டைப் பாருங்கள். அது படுத்திருந்தால், "இது ஏன் இப்படி?" என்று கேளுங்கள். நான் அன்றைக்குப்போல அட்டையை மூடப் பார்த்தால் விடாதீர்கள்.