அஞ்சலட்டை அளவு ரப்பர்: மோட்டார் சைக்கிளுக்கு டயர் வாங்கும் கலை

ஒரு மோட்டார் சைக்கிளின் எடை 140 கிலோகிராம். அதில் அமர்ந்து செல்லும் இருவரின் எடை 120 கிலோகிராம். ஆக மொத்தம் 260 கிலோகிராம். இவ்வளவு எடையையும் சுமந்துகொண்டு அந்த வண்டி சாலையைத் தொடும் பரப்பு எவ்வளவு இருக்கும்? மேலே படிக்கும் முன் ஓர் அளவை ஊகித்து, காகிதத்தில் கட்டமாக வரைந்து வையுங்கள்.

இனிக் கணக்கிடுவோம். மொத்த எடையில் சுமார் 60 விழுக்காட்டைப் பின் சக்கரம் தாங்குகிறது என்று கொள்வோம். அது 156 கிலோகிராம். பின் டயரில் 32 பவுண்டு காற்று அடித்திருக்கிறோம். சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு என்பது சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோகிராம் எடைக்குச் சமம். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எனவே பரப்பு = 156 ÷ 2.25 = 69 சதுர சென்டிமீட்டர். முன் டயரின் சுமை 104 கிலோகிராம். காற்று 25 பவுண்டு, அதாவது 1.76. அங்கே பரப்பு = 104 ÷ 1.76 = 59 சதுர சென்டிமீட்டர். இரண்டையும் கூட்டினால் 128.

நம் அஞ்சலகத்தில் கிடைக்கும் அஞ்சலட்டையின் நீளம் 14 செ.மீ., அகலம் 9 செ.மீ., பரப்பு 126 சதுர செ.மீ. டயரின் விறைப்பும் சிறிது எடையைத் தாங்குவதால் உண்மையான அளவு சற்று மாறலாம். ஆனாலும் ஏறக்குறைய ஓர் அஞ்சலட்டை அளவு ரப்பர்தான் வண்டியை முன்னே தள்ளுகிறது. திருப்பத்தில் சாயாமல் பிடிக்கிறது. பிரேக் போட்டால் நிறுத்துகிறது. அந்த ரப்பர் தேய்ந்தபின் அடுத்ததை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இம்மாதப் பாடம்.

வண்டிகள் பிறக்கும் மாவட்டம்

இந்தப் பாடத்துக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1980-இல் டி.வி.எஸ். 50 என்னும் சிறு மொபெட் ஓசூரில்தான் பிறந்தது. 2021-இல் ஏத்தர் மின்ஸ்கூட்டர் ஆலை ஓசூரிலும், ஓலா மின்ஸ்கூட்டர் ஆலை போச்சம்பள்ளியிலும் தொடங்கின. டயரும் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1946-இல் சென்னைத் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய சிறு கொட்டகையே பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. 1982-இல் தொடங்கப்பட்ட டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா, மதுரை அருகே வெள்ளரிப்பட்டியில் இருசக்கர வண்டிகளுக்கு டயர் செய்கிறது. அந்த டயர்களுக்குரிய ரப்பர் மரங்களோ நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் வளர்கின்றன.

ஆலையிலிருந்து வெளிவரும் வண்டிக்குப் பொறியாளர்கள் ஆராய்ந்து டயர் பொருத்தியிருப்பார்கள். அது தேய்ந்ததும் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வண்டிக்காரரிடம் வந்துவிடுகிறது. ஓசூரிலிருந்து ஜூஜுவாடி எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா ஆலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குச் செல்வோர் பலர். தேசிய நெடுஞ்சாலை 44-இல் சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரி செல்வோரும் உண்டு. கருங்கல் ஏற்றிய லாரிகள் சிந்திய தூள், மழை, இருட்டு எல்லாவற்றையும் அந்த அஞ்சலட்டை அளவு ரப்பர்தான் சமாளிக்க வேண்டும். உங்களில் பலருக்கு ஓட்டும் வயது வரவில்லை. ஆனால் பின் இருக்கையில் அமர்வது நீங்கள்தானே? ஆகவே டயர் கடைக்குச் செல்லும்போது உடன் செல்லுங்கள்.

பக்கச் சுவரைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டுச் சுவரில் எண்கள் புடைப்பாக இருக்கும். எடுத்துக்காட்டாக, 100/90-17 55 பி என்று இருப்பதாகக் கொள்வோம். 100 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 90 என்பது அகலத்தில் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. இங்கே உயரம் 90 மி.மீ. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மூன்று அலகுகள்! இடையிலுள்ள சிறு கோட்டுக்கும் பொருள் உண்டு. உள்ளே நூலடுக்குகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும்படி அமைந்த டயர் அது. அங்கே ஆங்கில எழுத்து ஆர் இருந்தால் அது ரேடியல் டயர்.

55 என்பது சுமை எண். அதற்கு ஓர் அட்டவணை உண்டு: 47 என்றால் 175 கிலோகிராம், 55 என்றால் 218, 57 என்றால் 230. கடைசி எழுத்து வேகக் குறி: ஜே என்றால் மணிக்கு 100 கி.மீ., எல் 120, பி 150. நம் கணக்கில் பின் சக்கரச் சுமை 156 கிலோகிராம்தான். ஆனால் மூவர் ஏறி, ஒரு மூட்டையையும் வைத்து, குழியில் இறக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். புதிய டயரின் சுமை எண்ணும் வேகக் குறியும் வண்டியின் கையேட்டில் சொல்லியதைவிடக் குறையக் கூடாது.

விட்டத்தையும் கணக்கிடலாம். ரிம் 431.8 மி.மீ.; மேலும் கீழும் 90 மி.மீ. சேர்த்தால் 611.8 மி.மீ. சுற்றளவு 1.92 மீட்டர். ஓசூரிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள கிருஷ்ணகிரிக்குச் செல்ல இந்தச் சக்கரம் ஏறக்குறைய 26,000 முறை சுழல வேண்டும்.

பள்ளங்கள் எதற்கு?

கடைக்குச் செல்வோர் முதலில் பார்ப்பது டயரின் மேலுள்ள கோலத்தை. மெக்கானிக்குகள் அதைப் ‘பட்டன்’ என்பார்கள். பள்ளங்கள் அதிகமானால் பிடிப்பு அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், காய்ந்த தார்ச்சாலையில் பள்ளமே இல்லாத டயர்தான் நன்றாகப் பிடிக்கும். தொடும் ரப்பர் அதில் அதிகம். காய்ந்த பந்தயத் தளத்தில் வழவழப்பான டயர் பூட்டுவது இதனால்தான்.

நம் சாலைக்குப் பள்ளங்கள் தேவைப்படுவது தண்ணீரால். மணிக்கு 54 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 15 மீட்டர். சாலையைத் தொடும் பகுதியின் நீளம் 10 செ.மீ. என்றால், ரப்பரின் ஒவ்வொரு துண்டும் சாலையைத் தொட்டிருப்பது ஒரு நொடியின் 150-இல் ஒரு பங்கு நேரமே. அதற்குள் அடியிலுள்ள நீர் வெளியேறியாக வேண்டும். பள்ளங்கள்தாம் வடிகால்கள். வடிகால் ஆழம் குறைந்தால் நீர் தங்கும். ரப்பர் சாலையை விட்டு நீரின் மேல் ஓடும்.

இதன் விளைவைப் பாருங்கள். உராய்வுக் குணகம் காய்ந்த சாலையில் 0.8, ஈரச் சாலையில் 0.4 என்று கொள்வோம். நிற்கும் தூரம் = v² ÷ 2μg. நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால், காய்ந்த சாலையில் 14 மீட்டரில் வண்டி நிற்கும். ஈரச் சாலையில் 29 மீட்டர் தேவை. அதாவது, காய்ந்த சாலையில் நின்றுவிட வேண்டிய இடத்தை ஈரச் சாலையில் வண்டி மணிக்கு 38 கி.மீ. வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு லாரியின் பின்புறம் இருந்தால்? மொட்டை டயர் என்றால் குணகம் இன்னும் குறையும்.

டயரின் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். டி.டபிள்யூ.ஐ. என்னும் எழுத்துகளோ சிறு முக்கோணமோ பக்கச் சுவரில் அவற்றின் இடத்தைக் காட்டும். மோட்டார் சைக்கிள் டயரில் அவற்றின் உயரம் பொதுவாக 0.8 மி.மீ., ஏறக்குறைய ஒரு வங்கி அட்டையின் தடிமன். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரை மாற்றிவிட வேண்டும். தேய்ந்த டயரில் மறுபடி பள்ளம் வெட்டி மலிவாக விற்பதும் உண்டு. அதில் நூலடுக்குக்கு மேலுள்ள ரப்பர் மிக மெல்லியதாகிவிடுவதால் வெடிக்கும் ஆபத்து மிகுதி. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

அகலமான டயர் நல்லதா?

அண்ணன்மார்களின் ஆசை இது: பெரிய வண்டியைப் போல் அகலமான டயர் போட வேண்டும். நம் முதல் கணக்கைத் திரும்பப் பாருங்கள். தொடும் பரப்பைக் கணித்தபோது டயரின் அகலத்தை நாம் பயன்படுத்தவே இல்லை. சுமையும் காற்றழுத்தமும் மாறாவிட்டால் பரப்பும் பெரிதாக மாறாது. நீளத்தில் இருந்தது அகலத்துக்குப் போகிறது, அவ்வளவே. அதோடு, குறுகிய ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் அதன் ஓரங்கள் உள்நோக்கி இழுபட்டு, வளைவு மாறிவிடும். திருப்பத்தில் வண்டி சாயும் விதமும் மாறும். செயினிலோ மட்கார்டிலோ உரசவும் கூடும். எனவே கையேட்டில் உள்ள அளவையே கேளுங்கள்.

மென்மையா, உழைப்பா?

ரப்பர் பாலிலிருந்து கிடைக்கும் பச்சை ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். அதனுடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகிறது என்பதை 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டார். நீண்ட ரப்பர் மூலக்கூறுகளுக்கிடையே கந்தகம் பாலம் போடுகிறது. பாலங்கள் கூடக் கூட ரப்பர் கடினமாகும். இதனுடன் கார்பன் பிளாக் என்னும் நுண்ணிய கரித்தூளையும் சேர்ப்பதால் தேய்மானம் குறைகிறது; கறுப்பு நிறமும் வருகிறது.

மென்மையான ரப்பர் சாலைக் கற்களின் சிறு மேடுபள்ளங்களுக்குள் புகுந்து பிடிக்கும். ஆனால் சீக்கிரம் தேயும். கடினமானது நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஈரத்தில் பிடிப்பு குறையும். இரண்டும் ஒருங்கே முழுதாகக் கிடைப்பதில்லை. சில டயர்களில் நடுவில் கடின ரப்பரும் ஓரங்களில் மென்மையான ரப்பரும் வைத்து இதைச் சமாளிக்கிறார்கள்.

இப்போது விலையை ஒப்பிடலாம். கீழ்வருவன எடுத்துக்காட்டுக்கான எண்களே. டயர் அ: விலை ரூ. 2,000, 20,000 கி.மீ. உழைக்கும். டயர் ஆ: ரூ. 1,500, 12,000 கி.மீ. டயர் இ: ரூ. 2,400, மென்மையானது, 16,000 கி.மீ. ஒரு கிலோமீட்டருக்கு முறையே 10 காசு, 12.5 காசு, 15 காசு. கடையில் மலிவாகத் தோன்றிய ஆ, சாலையில் அ-வைவிடச் செலவு அதிகம். இ இன்னும் அதிகம். ஆனால் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஓட்டினால் அ-வுக்கும் இ-க்கும் உள்ள வேறுபாடு இரண்டரை ரூபாய். மழையில் சில மீட்டர் முன்னதாக வண்டியை நிறுத்தித் தருமானால் அந்த இரண்டரை ரூபாய் வீணா? நாள்தோறும் நெடுஞ்சாலையில் செல்பவருக்கு ஒரு விடை. ஊருக்குள் மெதுவாகக் கடைக்குப் போய் வருபவருக்கு வேறு விடை. சவாரியைப் பார்த்த பிறகே டயரைப் பார்க்க வேண்டும்.

டயருக்கும் வயதுண்டு

கடையில் தொங்கும் டயர் ஓடாமலே முதுமை அடைகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பர் மூலக்கூறுகளைத் தாக்கி, டயரை விறைக்கவும் வெடிக்கவும் செய்கின்றன. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 2324 என்றிருந்தால் அது 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஒரே விலையில் இரண்டு டயர்கள் இருந்தால் இளையதை எடுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை

1. அளவு, சுமை எண், வேகக் குறி மூன்றும் கையேட்டோடு பொருந்துகின்றனவா?
2. ஐ.எஸ்.ஐ. முத்திரையும், இருசக்கர வண்டி டயருக்கான ஐ.எஸ். 15627 என்னும் எண்ணும் உள்ளனவா?
3. எந்த வாரம், எந்த ஆண்டு செய்தது?
4. முன் சக்கரத்துக்குரியதா, பின் சக்கரத்துக்குரியதா? சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி எந்தப் பக்கம்?
5. ட்யூப் போடும் டயரா, ட்யூப் இல்லாததா? நம் ரிம் அதற்கு ஏற்றதா? ட்யூப் போடுவதானால் புது ட்யூபும் வாங்குங்கள்.

புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். அது சற்றுத் தேய்ந்து சொரசொரப்பாகும் வரை, முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு, வண்டியை அதிகம் சாய்க்கவோ திடீரென்று பிரேக் போடவோ கூடாது. காற்றை வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாகும் முன் அளந்து பார்க்க வேண்டும்.

செய்து பாருங்கள்

இன்று மாலை வீட்டில் நிற்கும் வண்டியின் இரு டயர்களிலும் உள்ள எண்களைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அளவு, சுமை எண், வேகக் குறி, பிறந்த வாரம் ஆகியவற்றைப் பட்டியலிடுங்கள். பள்ளத்துக்குள் உள்ள மேட்டைத் தேடி, ரப்பர் அதைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சமமாகிவிட்டதா? அப்படியானால் அந்தக் குறிப்பேட்டை இன்றே அப்பாவிடமோ அம்மாவிடமோ காட்டுங்கள். அடுத்த மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.