பாட்டு ஓடுகிறது, விவரம் எங்கே?

கேள்வி: அப்பாவின் பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றி வேவ் ஃபைல்களாகச் சேமித்து வருகிறேன். விண்டோஸ் 11-இல் அந்த ஃபோல்டரைத் திறந்தால், ஏற்கெனவே இருந்த எம்பி3 பாடல்களுக்கு நீளமும் பாடியவர் பெயரும் வருகின்றன. நான் மாற்றியவற்றில் பாடியவர் பெயரே இல்லை. இரண்டு மூன்றில் நீளமும் இல்லை. ஆனால் எல்லாம் நன்றாகவே ஓடுகின்றன. கம்ப்யூட்டரில் கோளாறா?
- வாசகி, தேனி

பதில்: கம்ப்யூட்டர்மேல் பழி போடாதீர்கள். சில ஃபைல்களுக்காவது விவரம் வருகிறது என்பதால் ஃபோல்டர் அமைப்பிலும் குறையில்லை. ஃபோல்டரைத் திறந்து காட்டும் எக்ஸ்ப்ளோரர் பாட்டைக் கேட்டுப் பார்த்து எதையும் சொல்வதில்லை. ஃபைலுக்குள் எழுதியிருப்பதை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

நீளம் வராதவற்றை முதலில் பார்ப்போம். வேவ் ஃபைலின் தொடக்கத்தில் ஒரு தலைப்பகுதி உண்டு. ஒலித்தரவு மொத்தம் எத்தனை பைட் என்பது, பதிவை முறையாக நிறுத்தும்போதுதான் அதில் சரியாக நிரப்பப்படும். நடுவில் கரண்ட் போனாலோ மென்பொருள் முடங்கினாலோ அந்த இடம் பூஜ்யமாகவே நின்றுவிடலாம். விஎல்சி போன்ற பிளேயர்கள் அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டிவிடும். எக்ஸ்ப்ளோரர் கையை விரித்துவிடும். அந்த ஃபைல்களை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள், தலைப்பகுதி புதிதாக எழுதப்படும். முழுப் பாட்டும் இருக்கிறதா என்று அளவை வைத்தே சொல்லிவிடலாம்: சிடி தரத்தில் ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி. கேசட்டின் அரை மணி நேரப் பக்கம் 300 எம்பிக்கு மேல் வர வேண்டும். 120 எம்பிதான் இருக்கிறதென்றால் மிச்சம் பதிவாகவே இல்லை. கேசட்டை மறுபடி ஓட்டத்தான் வேண்டும்.

பாடியவர் பெயர் வேறு கதை. கேசட் நாடாவில் ஒலி மட்டும்தான் உண்டு, பெயர் கிடையாது. எம்பி3 பாடல்களுக்கு யாரோ டைப் செய்து வைத்ததால் வருகிறது. வேவில் பெயர் எழுதவும் வழி உண்டு என்றாலும், ஒரு மென்பொருள் எழுதியதை இன்னொன்று படிக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆகவே ஃப்ளாக் (FLAC) என்ற ஒலி வடிவத்துக்கு மாற்றுங்கள் என்பேன். தரம் துளியும் குறையாது, இடம் பாதியளவே பிடிக்கும், பெயர்கள் யூனிகோடில் பதிவதால் தமிழிலேயே எழுதலாம். விண்டோஸ் 10 முதல் எக்ஸ்ப்ளோரரே அதைப் படிக்கிறது. பெயர்களை டைப் செய்ய எம்பி3டேக் என்ற இலவச மென்பொருள் போதும்.

இதற்குப் போய் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். அந்தப் பக்கமே போகாதீர்கள்.