‘காதலிக்க நேரமில்லை’: நகையும் அறமும்

களவொழுக்கத்தைப் பெற்றோர்க்கு முறைப்படி புலப்படுத்துவதைத் தமிழிலக்கணம் ‘அறத்தொடு நிற்றல்’ என்னும். மெய் கூறலே அதன் உயிர். 1964-இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ திரைப்படம் இம்மரபைத் தலைகீழாக்கி நகை விளைக்கின்றது.

செல்வர் வீட்டு மருமகன்களையே நாடுபவர் விசுவநாதன் (டி. எஸ். பாலையா). அவரால் வேலையிழந்த அசோக் (ரவிச்சந்திரன்) அவர்தம் மகளை விரும்புகிறான். நண்பன் வாசுவை (முத்துராமன்) முதிய செல்வராக வேடமிடச் செய்து, தன் தந்தையெனக் காட்டுகிறான். நேற்று விரட்டப்பட்டவன் இன்று மாப்பிள்ளை! அவன் குணம் மாறவில்லை. தந்தையின் செல்வநிலையே மாறிற்று. தொல்காப்பியர் நகைக்குக் கூறிய நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளல் இங்கே பணமதிப்பின்மீது பாய்கின்றது.

திரையில் பெண்ணின் தந்தை செல்வம் தேடினார். வாழ்விலோ மணமகன் வீட்டார் தேடுகின்றனர். நெசவையும் மானாவாரி வேளாண்மையையும் நம்பிய அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில், மழை பொய்த்த ஆண்டிலும் மகள் திருமணத்திற்காகக் கடன்படும் தந்தையர் உளர். மணமகளுக்கு மணமகன் மஹர் வழங்குதலே இஸ்லாம் விதித்த கடமை. எனவே, சம்பந்தம் பேசுமிடத்து முதலில் வினவத்தக்கது குணமேயன்றிப் பொருளன்று. இதனை மாணவர் உணர்ந்து, பெரியோர் கடைப்பிடிப்பின், அந்நகைப்பு பயனுடையதாகும்.