நடு ஸ்பீக்கரைத் தனியாக வாங்காதீர்கள்

வீட்டில் ‘பராசக்தி’யும் ‘திருவிளையாடல்’ படமும் ஓடுகின்றனவா? அப்படியானால் நீங்கள் ஐந்து ஸ்பீக்கர் வாங்கி வைத்திருந்தாலும் படம் பேசுவது ஒரே ஒரு ஸ்பீக்கரில்தான். 1952-இலும் 1965-இலும் வந்த அந்தப் படங்களின் ஒலி ஒற்றைத் தடம். டிஸ்கில் இடது, வலது என்று இரண்டாகப் பதிந்திருந்தாலும் இரண்டிலும் இருப்பது ஒரே சத்தம். ரிசீவரில் டால்பி புரோலாஜிக் போன்ற முறையைப் போட்டால், இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதை எல்லாம் அது நடுவுக்குத் தள்ளிவிடும். வசனம், பாட்டு, தவில், இடி எல்லாமே டிவிக்குக் கீழே இருக்கும் அந்த நடு ஸ்பீக்கர் பெட்டியில்தான். புதுப் படங்களிலும் பேச்சில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

ஈப்போவில் எனக்கு அந்தப் பெட்டியை விற்றவர் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. “சென்டர்தானே அண்ணே, எதைப் போட்டாலும் ஓடும்” என்றார். என் முன் ஸ்பீக்கர் எது என்று கேட்கவில்லை. ஹால் எவ்வளவு அகலம், யார் எங்கே உட்காருவார்கள் என்றும் கேட்கவில்லை. பெரிய பெட்டியாக ஒன்றைக் காட்டி 900 வெள்ளிக்கு விலை பேசினார். கடையின் நடு நாற்காலியில் என்னை உட்கார வைத்து ஒரு சண்டைக் காட்சியைப் போட்டார். அந்த நாற்காலியில் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் கேட்கும்.

இவ்வளவு செலவும் அம்மாவுக்காக. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். எங்கள் காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டுவார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஒலிபெருக்கி. பாயில் உட்கார்ந்து பார்த்தவர்கள் மறுநாள் நிரையில் மரம் வெட்டிக்கொண்டே முழு வசனத்தையும் ஒப்பிப்பார்கள். தோட்டம் கைமாறி, மரங்கள் சாய்ந்து, செம்பனை வந்து, நாங்களும் ஈப்போவில் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். மலாய் சப்டைட்டில் படிக்கத் தெரியாது. “எழுத்துதான் ஓடுதே” என்று சொல்லுகிற பிள்ளைகளுக்கு இது புரிவதில்லை. அவருக்கு வசனம் காதில் விழுந்தால்தான் படம்.

வயதானால் முதலில் குறைவது மேல் சுருதியைக் கேட்கும் திறன். பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் கீழே இருக்கிறது. க, ச, ட, த, ப என்று சொல்லைச் சொல்லாக்கும் மெய்களின் கூர்மை ஏறக்குறைய 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலும் அதற்கு மேலும் இருக்கிறது. அதனால்தான் வால்யூமைக் கூட்டினாலும் அம்மாக்களுக்குப் புரிவதில்லை. உயிரெழுத்து முழங்கும், மெய்யெழுத்து வராது. பெரும்பாலான பெட்டிகளில் கீழ்ச் சுருதிக்கான வூஃபர் நின்று மேல் சுருதிக்கான ட்வீட்டர் தொடங்கும் இடமும் இந்த 2,000, 3,000 ஹெர்ட்ஸ்தான். பெட்டி சொதப்பினால் அங்கேதான் சொதப்பும்.

என் பெட்டி அங்கேதான் சொதப்பியது. விற்கப்படும் நடு ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை எப்படி இருக்கும் தெரியுமா? படுக்கை வசமாக நீளப் பெட்டி, நடுவில் ட்வீட்டர், இரண்டு பக்கமும் ஒவ்வொரு வூஃபர். டிவிக்குக் கீழே அடக்கமாக நிற்கும், பார்க்க அழகு. நேர் எதிரே உட்கார்ந்தால் இரண்டு வூஃபரின் சத்தமும் ஒரே நேரத்தில் வந்து சேரும். பக்கவாட்டில் நகர்ந்தால் ஒன்று கிட்டே, மற்றது தள்ளி. 2,000 ஹெர்ட்ஸில் ஒலி அலையின் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். ஒரு வூஃபரின் சத்தம் மற்றதைவிட அதில் பாதி, அதாவது எட்டரை சென்டிமீட்டர், பிந்தி வந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று அழித்துவிடும். வூஃபர்களின் மையங்களுக்கு நடுவே 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்க்கோட்டிலிருந்து 17 டிகிரி விலகினாலே அந்தப் பள்ளம் வந்துவிடும். மூன்று மீட்டர் தள்ளி உட்காரும் ஹாலில் அது மூன்று அடி. அம்மாவின் சாய்வு நாற்காலி வாசல் பக்கம், காற்று வரும் இடத்தில், நடு சோபாவிலிருந்து சரியாக அவ்வளவு தூரத்தில் கிடக்கிறது. உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் நடுவில் உட்கார மாட்டார்கள். நடு இடம் எப்போதும் ரிமோட் வைத்திருப்பவருக்கு.

நான் நடுவில் உட்கார்ந்து “தெளிவாகத்தானே இருக்கு” என்பேன். அம்மா “என்னடா சொல்றான் அவன்?” என்பார். ‘திருவிளையாடல்’ படத்தில் தருமியும் நக்கீரனும் மோதும் காட்சி அவருக்கு மனப்பாடம். அதிலேயே சொல் விட்டுப்போகிறது என்றார். எழுந்துபோய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. தருமியாக நடித்த நாகேஷின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. கடைக்குப் போன் செய்தேன். “அம்மாவை நடுவில் உட்காரச் சொல்லுங்க அண்ணே” என்று பதில் வந்தது. பெட்டியைத் திரும்ப எடுக்க முடியாது, கூடுதல் பணம் கொடுத்து இன்னும் பெரியதாக மாற்றலாம் என்றார்கள். பெரிய பெட்டி என்றால் வூஃபர்கள் இன்னும் விலகி நிற்கும், பள்ளம் இன்னும் நெருங்கி வரும். விற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இது ஒரு பாதி. மறுபாதி, பொருத்தம். என் முன் ஸ்பீக்கர்கள் பட்டுத்துணி டோம் ட்வீட்டர் வைத்த சிறிய ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள். புதிதாக வந்த நடுப் பெட்டிக்கு உலோக டோம், வேறு கம்பெனி. திரையில் கார் இடமிருந்து வலம் போனால் நடுவில் அது வேறு காராகிவிடும். நடந்துகொண்டே பேசுகிறவனுக்கு நடுவில் ஜலதோஷம் பிடிக்கும். சினிமா தியேட்டரில் திரைக்குப் பின்னால் இடம், நடு, வலம் மூன்றும் ஒரே மாடலாகத்தான் வைப்பார்கள். 1933-இல் பிலடெல்பியாவில் வாசித்த இசையை வாஷிங்டன் அரங்குக்குக் கம்பி வழியே அனுப்பி பெல் ஆய்வுக்கூடத்தார் சோதித்தபோதே மேடையில் நடு ஸ்பீக்கர் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் சத்தம் மேடையின் நடுவிலிருந்தே வர வேண்டும் என்பதற்காகத்தான் அது. நம் தமிழ்ப் படங்களில் 1995-இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவோடு வந்தது. அதற்குப் பிறகு டால்பியில் வந்தவை இந்த மூன்று முன் ஸ்பீக்கரும் ஒரே குரலில் பேசும் என்று நம்பித்தான் ஒலி கலக்கப்படுகின்றன.

கடையில் நிற்கும்போதே செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். பழைய ஒற்றைத் தடச் சிவாஜி படம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். உங்கள் முன் ஸ்பீக்கர் மாடலையும் நடுப் பெட்டியையும் ஒரே ரிசீவரில் மாட்டச் சொல்லுங்கள். ரிமோட்டில் ஸ்டீரியோ போட்டால் சிவாஜி குரல் இரண்டு முன் ஸ்பீக்கரிலும் சேர்ந்து நடுவில் நிற்கும். புரோலாஜிக் போன்ற முறையைப் போட்டால் நடுப் பெட்டியில் மட்டும் வரும். மாற்றி மாற்றிப் போடுங்கள். சின்ன வித்தியாசம் இருக்கலாம். ஆளே மாறக் கூடாது. பிறகு மூன்றடி பக்கவாட்டில் நகர்ந்து நின்று அதே வசனத்தைக் கேளுங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் காசை எடுக்காதீர்கள்.

ஒரே கம்பெனிப் பெயர் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வார்ஃப்டேல் டயமண்ட் என்ற ஸ்பீக்கர் வரிசைப் பெயர் 1980-களிலிருந்து வருகிறது. தலைமுறைக்குத் தலைமுறை ட்வீட்டரும் கோனும் மாறியிருக்கின்றன. எந்தக் கம்பெனியானாலும் அதே வரிசை, அதே எண் பார்க்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், முன் மூன்றையும் ஒரே நாளில் வாங்குங்கள். காசு போதவில்லையென்றால் பின் ஸ்பீக்கரையும் சப்வூஃபரையும் அடுத்த போனஸுக்குத் தள்ளிவையுங்கள். கடைக்காரர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். சப்வூஃபரின் அதிர்வைக் காட்டி விற்பது சுலபம்.

உங்கள் வரிசையின் நடுப் பெட்டி இப்போது கிடைக்கவில்லையா? அதே முன் ஸ்பீக்கரில் மூன்றாவது ஒன்றைத் தேடுங்கள். நான் செய்தது இதுதான், இதைவிடச் சிறந்த வழி இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜோடியாகத்தான் கிடைக்கும், ஜோடியாகவே வாங்கிவிடுங்கள், நான்காவது உதிரிக்கு ஆகும். அதை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், படுக்கப் போட்டால் வூஃபரும் ட்வீட்டரும் பக்கம் பக்கமாகி மறுபடி அதே தொல்லை. அதற்கு இடம்விட டிவியைச் சுவரில் ஓர் அடி உயர்த்தினேன். மச்சான் வந்து பார்த்துவிட்டு, “இதுக்கு ஒரு சவுண்ட்பார் வாங்கியிருக்கலாமே” என்றார். சவுண்ட்பாரில் இடம், நடு, வலம் எல்லாம் ஒரே பெட்டிக்குள் நெருங்கிக் கிடக்கும். அவர் வீட்டில் படம் பார்த்தபோது அம்மா பாதியில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டதை நான் அவருக்கு ஞாபகப்படுத்தினேன். டிவியை உயர்த்தவே முடியாத வீடு என்றால், நடுவில் ட்வீட்டரும் சிறிய மிட் ஸ்பீக்கரும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் மூன்று வழிப் பெட்டி பாருங்கள். விலை கூடுதல்தான். பக்கவாட்டுப் பள்ளம் அதில் பெரும்பாலும் இருக்காது.

பழைய ஸ்பீக்கர் தேடும்போது கோனைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபோம் விளிம்பு பத்துப் பதினைந்து வருடத்தில் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும். ரப்பர் விளிம்பு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையான பசார் காராட்டில் அடுக்கி வைத்திருக்கும் ஸ்பீக்கர்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்காமல் விலை கேட்காதீர்கள்.

மற்றதெல்லாம் சின்ன வேலை. பெட்டியை அலமாரிக் குழிக்குள் தள்ளாமல் முன் விளிம்பு வரை இழுத்து வையுங்கள். தாழ்வாக இருந்தால் முன்பக்கம் ரப்பர்க் கட்டை கொடுத்துக் காது உயரத்துக்குச் சாய்த்துவிடுங்கள். சப்வூஃபர் இருந்தால் மூன்று ஸ்பீக்கரையும் ‘ஸ்மால்’ என்று வைத்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபருக்கு விடுங்கள். ப்ளஸ், மைனஸ் மாறாமல் வயரைப் பாருங்கள். ரிசீவரோடு வரும் மைக்கை அம்மா உட்காரும் இடத்திலும் வைத்து அளக்கச் சொல்லி, கடைசியில் நடுவை மட்டும் இரண்டு, மூன்று டெசிபெல் கூட்டுங்கள். டைல் தரையில் ஒரு கம்பளம் விரியுங்கள்.

ஏற்கெனவே பொருந்தாத பெட்டி வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் ரிசீவரில் நடு ஸ்பீக்கர் ‘இல்லை’ என்று அமைத்து, வயரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். ரிசீவர் வசனத்தை இரண்டு முன் ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும். தனியாளாக நடுவில் உட்காருபவருக்கு அதுவே போதும், தவறான பெட்டியைவிட மேல். பக்கத்தில் உட்காருபவருக்கு மட்டும் குரல் கிட்டே இருக்கும் ஸ்பீக்கருக்கு ஓடிவிடும்.

கழற்றிய பெட்டியை விற்கும்போது, வாங்க வருபவரிடம் அவர் வீட்டு முன் ஸ்பீக்கர் எது என்று கேளுங்கள். என் பெட்டிக்கு நல்ல விலை சொன்ன ஒருவர் வேறு கம்பெனி வைத்திருந்தார். பொருந்தாது என்று விளக்கி அனுப்பிவிட்டேன். பிறகு தைப்பிங்கிலிருந்து ஒருவர் வந்தார். அவரிடம் அதே வரிசையின் முன் ஸ்பீக்கர்கள் இருந்தன, உட்காருவதும் நேர் எதிரே, தனியாளாக. வாங்கிய விலையில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்தேன். அந்தப் பெட்டி அவர் வீட்டுக்குச் சரியான பெட்டி.