இட்லிப் பானை மூடியைத் திறக்கும் முன்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா வாசலில் பூப் பறித்துக்கொண்டிருந்தார். அப்போது ஐந்தாம் ஆண்டு படித்த என் தங்கை, இட்லி வெந்துவிட்டதா என்று பார்க்கப் பானை மூடியைத் தன் பக்கமாகத் தூக்கினாள். நெருப்பு அவள் மேல் படவில்லை. கொதிநீரும் சிந்தவில்லை. ஆனாலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சிவந்து கொப்பளித்துவிட்டது. நான் கூடத்தில் உட்கார்ந்து வெப்ப இயக்கவியல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் அவள் கையில் நான் பூசியது டூத்பேஸ்ட். நீராவி அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போடத் தெரிந்த பொறியியல் மாணவன் செய்த வேலை அது! கிளினிக்கில் தாதி அதைக் கழுவி எடுக்கும்போது அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

போன மாதம் எங்கள் இளைஞர் பிரிவின் ஞாயிறு வகுப்பில் அறிவியல் அங்கம் ஒன்று நடத்து என்று சொன்னார்கள். வேறு தலைப்பை நான் யோசிக்கவே இல்லை. சமையலில் வெப்பம். பிள்ளைகள் பன்னிரண்டு பேர், எல்லாரும் படிவம் 1, படிவம் 2. இடம், கோயில் மண்டபத்துக்குப் பின்னால் உள்ள அன்னதானச் சமையலறை. எப்படி நடத்தினேன், எங்கே சறுக்கினேன் என்று எழுதுகிறேன். உங்கள் வட்டாரத்திலும் செய்து பார்க்கலாம்.

"அண்ணாவுக்குச் சமைக்கத் தெரியுமா?" என்பதுதான் முதல் கேள்வி. மெகி தெரியும் என்றேன். சிரித்து முடித்ததும் பாடத்துக்கு வந்தோம்.

படிவம் 2 அறிவியலில் வெப்பம் ஒரு முழு அத்தியாயம். அதனால் பிள்ளைகளிடம் சொற்கள் இருக்கின்றன. "கொண்டுக்சி, பெரோலாக்கான், சினாரான்" என்று ஒரு பெண் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். சரிம்மா, பருப்பு கொதிக்கும்போது ஒரு பக்கம் மேலே வந்து இன்னொரு பக்கம் கீழே போகுதே, அது ஏன் என்று கேட்டேன். பேச்சு நின்றுவிட்டது. கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் தேயிலைத் தூளைப் போட்டு அடுப்பில் வைத்தோம். நெருப்பு படும் இடத்தில் தூள் மேலே ஏறியது, ஓரமாக இறங்கியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "அடியில சூடான தண்ணி லேசாயிடுது, அதான் மேல வருது. ஆறினதும் கீழ போகுது." அதுதாம்மா பெரோலாக்கான், தமிழில் வெப்பச் சலனம் என்றேன். "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். அந்த "இவ்வளவுதானா"வைக் கேட்கத்தான் வகுப்பு நடத்துகிறோம் என்று தோன்றியது.

கடத்தலுக்கு மூன்று கரண்டி போதும்: அலுமினியம், எவர்சில்வர், மரம். காம்பின் நுனியில் ஆளுக்குக் கொஞ்சம் வெண்ணெய் வைத்து ஒரு ஜவ்வரிசியை ஒட்டிவிட்டு, மூன்றையும் சுடுநீரில் நிறுத்துங்கள். அலுமினியக் கரண்டியில் ஜவ்வரிசி முதலில் வழுக்கி விழும். எவர்சில்வர் நல்லாவே தாமதமாகும். உலோகம் என்றால் எல்லாம் ஒரே மாதிரி என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு இது அதிசயம். எவர்சில்வரைவிட அலுமினியம் பத்து மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். சில எவர்சில்வர் பானைகளின் அடியில் அலுமினியமோ செம்போ வைத்துத் தருவது அதனால்தான். மரக்கரண்டியில் ஜவ்வரிசி கடைசி வரை விழவில்லை.

கதிர்வீச்சுக்கு அடுப்பே வேண்டாம். ஹோமம் நடக்கும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்களா? சூடான காற்று நேராக மேலே போகிறது. ஆனால் பக்கத்தில் இருக்கும் உங்கள் முகம் எரிகிறது. ஒரு தாம்பாளத்தைக் குறுக்கே பிடித்தால் அடுத்த நொடியே சூடு நின்றுவிடும். வெளிச்சம் மாதிரி நேர்கோட்டில் வருகிறது, அவ்வளவுதான்.

இனி நீராவிக்கு வருவோம். நான் சறுக்கியது இங்கேதான். கெண்டியை அடுப்பில் வைத்து, மூக்கிலிருந்து வந்த வெள்ளைப் புகையைக் காட்டி, "பாருங்க, இதுதான் நீராவி" என்றேன். பின்னால் நின்ற ஒரு பையன் கையைத் தூக்கினான். "அண்ணா, நீராவி வாயுதானே? கண்ணுக்குத் தெரியாதுன்னு படிச்சோம். இது எப்படித் தெரியுது?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவன் சொன்னதுதான் சரி. கெண்டி மூக்கை உற்றுப் பார்த்தால், துளைக்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவே ஒன்றுமே இல்லாத மாதிரி ஓர் இடைவெளி தெரியும். நிஜமான நீராவி அங்கேதான் இருக்கிறது. வெள்ளையாகத் தெரிவது, அது காற்றில் குளிர்ந்து மறுபடி தண்ணீரான குட்டிக் குட்டித் துளிகள். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். அந்தப் பையன் அன்று முழுக்க என் பக்கத்திலேயே நின்றான்.

அப்புறம் வெள்ளைப் பலகையில் ஒரு கணக்குப் போட்டோம். ஒரு கிராம் தண்ணீரை 1 பாகை செல்சியஸ் சூடாக்க சுமார் 4.2 ஜூல் வேண்டும். 30 பாகையில் இருக்கும் தண்ணீரை 100 பாகைக்குக் கொண்டுபோக 294 ஜூல். ஆனால் 100 பாகையில் இருக்கும் அதே ஒரு கிராமை முழுக்க நீராவியாக்க சுமார் 2260 ஜூல் வேண்டும். கிட்டத்தட்ட எட்டு மடங்கு! எட்டு நிமிஷத்தில் கொதி வந்த பானை, அதே தீயில் முழுசாக வற்ற ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த ஒரு மணி நேரமும் வெப்பமானி 100-ஐத் தாண்டாது. அவ்வளவு வெப்பம் எங்கே போகிறது? தண்ணீரை நீராவியாக்குவதிலேயே செலவாகிறது. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் என்பவர் 1760-களில் இப்படித்தான், கொதி வர ஆகும் நேரத்தையும் வற்ற ஆகும் நேரத்தையும் ஒப்பிட்டு, இதை அளந்தார்.

அந்த வெப்பம் தொலைந்துவிடவில்லை, நீராவியிடம் இருக்கிறது. குளிர்ந்த மாவின் மேல் பட்டு நீராவி தண்ணீராகும்போது அத்தனையையும் மாவிடம் கொடுத்துவிடுகிறது. இட்லி பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் வேகும் ரகசியம் அதுதான். கை பட்டால் கையிடம் கொடுக்கும். 100 பாகைக் கொதிநீர் ஒரு கிராம் தோலில் பட்டு உடல் சூட்டுக்கு ஆறினால் சுமார் 265 ஜூல் தரும். ஒரு கிராம் நீராவி 2500 ஜூலுக்கும் மேல் தரும். என் தங்கைக்கு நடந்தது இதுதான் என்று சொன்னேன். சமையலறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

கொதிநீர் 100-ஐத் தாண்டாது என்றால் தீயைப் பெரிசாக்கி என்ன பயன்? ஒரே அளவாக வெட்டிய உருளைக்கிழங்கை இரண்டு பானையில் போட்டோம். ஒன்று தளதளவென்று கொதிக்க, மற்றது மெதுவாகக் கொதிக்க. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெந்தன. அன்னதானத்துக்குச் சமைக்கும் பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். "கொதி வந்ததும் தீயைக் குறைன்னு நான் முப்பது வருஷமா சொல்றேன். இதுக்கு எதுக்குப்பா வெப்பமானி?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. வேகம் வேண்டுமென்றால் பிரஷர் குக்கர்தான். அழுத்தம் கூடுவதால் உள்ளே தண்ணீர் 120 பாகை வரை போகும். கேமரன் மலையில் இதற்கு நேர்மாறு. அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 95 பாகை வாக்கிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமெடுக்கும்.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது தோசைதான். ஒரே மாவு. இட்லி வெள்ளையாக இருக்கிறது, தோசை மட்டும் ஏன் சிவக்கிறது? எண்ணெய், நெய் என்று ஆளுக்கொரு பதில். சரி, இட்லித் தட்டில் நெய் தடவினால் இட்லி சிவக்குமா? சிவக்காது. மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் சேர்ந்து சிவந்து மணம் தரும் வினை, சுமார் 140 பாகைக்கு மேல்தான் வேகமாக நடக்கும். 1912-இல் இதைப் பற்றி எழுதிய பிரெஞ்சுக்காரர் மையார் பெயரில் அது வழங்குகிறது. நீராவிக்குள் இருக்கும் இட்லி 100-ஐத் தாண்டவே தாண்டாது. எவ்வளவு நேரம் வைத்தாலும் வெள்ளைதான். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இரவல் வாங்கி வந்த இன்ஃப்ராரெட் வெப்பமானியைத் தோசைக்கல்லில் காட்டினோம், 190 என்றது. (கறுத்த இரும்புக் கல்லில் மட்டும் காட்டுங்கள். பளபளக்கும் எவர்சில்வரில் தப்பான எண் வரும்.)

பாட்டியிடம் அந்தக் கருவி இல்லை. கல்லில் தண்ணீர் தெளித்தார். துளி 'சுர்'ரென்று உடனே காய்ந்தால் கல் தயார். இன்னும் சூடேறினால் துளி முத்து மாதிரி உருண்டு ஓடும், சீக்கிரம் காயாது. துளிக்கு அடியில் நீராவியே மெத்தை மாதிரி விரிந்து அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. 1756-இல் லைடன்ஃபிராஸ்ட் என்ற ஜெர்மானியர் இதைப் பற்றி எழுதினார். அப்போது தீயைக் குறைத்துவிட்டுத்தான் மாவை ஊற்ற வேண்டும் என்றார் பாட்டி.

கடைசிப் பத்து நிமிஷத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள், விட்டுவிடாதீர்கள். மூடியைத் திறக்கும் முன் அடுப்பை அணை, ஒரு நிமிஷம் பொறு. உனக்கு எதிர்ப்பக்க விளிம்பை முதலில் தூக்கு. ஆவி அந்தப் பக்கமாகப் போகும். சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் பிடி. டூத்பேஸ்ட், கிச்சாப், வெண்ணெய் எதுவும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். கொப்பளம் பெரிசாக இருந்தால் மருத்துவரிடம் போ. குவாலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது; தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் 1600 மடங்குக்கும் மேல் விரிந்து, எரியும் எண்ணெயை வீடு முழுக்க வீசிவிடும். அடுப்பை அணைக்க முடிந்தால் அணை, மூடியால் மூடு, குவாலியை நகர்த்தாதே.

என் தங்கை இப்போது படிவம் 1. அந்தப் பன்னிரண்டு பேரில் அவளும் ஒருத்தி. இட்லிப் பானையைத் திறக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் அவளே முன்னால் வந்தாள். அடுப்பை அணைத்தாள். வாய்க்குள் அறுபது எண்ணினாள். மூடியைத் தொடும் முன் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணா, நீ அந்தப் பக்கம் நிக்காத. ஆவி உன் மேலதான் வரும்" என்றாள். நான் தள்ளி நின்றேன்.