என்சைமை ஒளியால் அளப்போம்

ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்றால் 'பட்டனைத் தட்டினா நம்பர் வரும்' என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எப்படிப் போனது என்பதே இக்கட்டுரை.

நம் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதில் கல்லைப் பிடித்துக் கடலுக்குள் இறங்கியவர்களில் என் தாத்தாவும் ஒருவர். மூச்சை அடக்கி உழைக்கும்போது தசைக்கு ஆக்சிஜன் பற்றாது. அப்போது தசை பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும். அதனால்தான் சர்க்கரையிலிருந்து சக்தி எடுப்பது தடைபடாமல் நடக்கிறது. இந்த வேலையைச் செய்யும் என்சைம் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ். பாய்ந்து நீந்தும் மீனின் வெள்ளைத் தசையிலும் இது நிறைய உண்டு.

இந்த வினையில் என்.ஏ.டி.எச். என்ற பொருள் செலவாகிறது. அது 340 நானோமீட்டர் புற ஊதா ஒளியை உறிஞ்சும். செலவான பிறகு உறிஞ்சாது. ஆகவே ரீடிங் இறங்கும் வேகமே என்சைமின் வேகம்.

நான் மீன் தசையை ஐஸில் வைத்து அரைத்து, தெளிந்த சாற்றில் 0.1 மி.லி. எடுத்து, மொத்தம் 3 மி.லி. கலவையாக்கினேன். ரீடிங் அசையவே இல்லை! 'என்சைம் இல்லை' என்று ரெக்கார்டில் எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். "ஆரம்ப ரீடிங் எவ்வளவுப்பா?" என்றார் சார். 0.2 மில்லிமோலார் என்.ஏ.டி.எச்.சுக்கு 1.24 இருக்க வேண்டும். எனக்கோ கிட்டத்தட்ட பூஜ்யம். என்சைம் இல்லாமல் இல்லை, மிக அதிகம்! மூடியைப் போடுவதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது.

சாற்றை 100 மடங்கு நீர்த்தேன். இப்போது 5 நிமிடத்தில் 0.311 இறங்கியது, அதாவது நிமிடத்துக்கு 0.0622. கணக்கு இதோ:

0.0622 ÷ 6.22 = 0.01 மைக்ரோமோல் (1 மி.லி.யில்)
0.01 × 3 = 0.03 யூனிட் (3 மி.லி. கலவையில்)
0.03 ÷ 0.1 = 0.3 யூனிட் (1 மி.லி. நீர்த்த சாற்றில்)
0.3 × 100 = 30 யூனிட் (1 மி.லி. மூலச் சாற்றில்)

நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல் மாற்றுவதே 1 யூனிட். பைருவேட் சேர்க்காத கலவை ஒன்றையும் கூடவே பாருங்கள். அதில் ரீடிங் இறங்கினால் அதைக் கழிக்க வேண்டும்.

வீட்டில் சொன்னேன். "மீனை வெளிச்சத்துல அளக்கியாலே?" என்று தாத்தா சிரித்தார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். தப்பாக எழுதியிருந்தால் திருத்த வீட்டில் ஆள் கிடையாது. ஆகவே நண்பர்களே, ரீடிங் அசையாவிட்டால் உடனே பூஜ்யம் போடாதீர்கள். முதல் ரீடிங்கைப் பாருங்கள், நீர்த்துப் பாருங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள்.